வெந்நீரில் வெளுத்த மேலங்கி

ஆறாம் பாகத்தில் இளவரசன் செத்த அன்று, அந்தக் கதையைப் படித்தவர்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி மட்டும் சிந்தவில்லை. காலை வேலைக்குப் போகிற பேருந்தில், ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தவள், புத்தகத்தைப் பட்டென்று மூடி, "பொய்!" என்றாள். பக்கத்து இருக்கைக்காரர், ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டதாகப் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தவர், திடுக்கிட்டுப் பேச்சை நிறுத்தினார்.

அவள் சொன்னது அவரை இல்லை. 'பனிவாயில்' என்ற பெருங்கதையை. எட்டுப் பாகம் என்று அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு பாகமும் செங்கல் கனம். மூன்று அரச வம்சம், ஒரு பேசும் ஓநாய், எழுபது எண்பது பாத்திரங்கள். எழுதுகிறவர் நிதானஸ்தர். ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும். அதுவரை வாசகர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்து என்ன நடக்கும் என்று கணிப்பார்கள். கணிப்பதற்கென்றே இணையத்தில் ஒரு குழு இருந்தது. பன்னிரண்டாயிரம் பேர்.

அன்று காலை அவள் படித்த காட்சி இதுதான். வேட்டைக்குப் போன இளவரசன் திரும்பி வரவில்லை. அவனுடைய வெள்ளை மேலங்கி மட்டும் குதிரை முதுகில் வருகிறது, தோளிலிருந்து விளிம்புவரை செக்கச்செவேலென்று நனைந்து. ராணி அதை வேறு யாரையும் தொடவிடவில்லை. கொதிக்கிற அண்டாவில் தானே அமிழ்த்துகிறாள். வெளியே எடுக்கும்போது அது பனிபோல வெளுத்திருக்கிறது. அதை மகனுடைய கட்டிலில் விரித்து அதன்மேல் படுத்துக்கொள்கிறாள். அத்தியாயம் முடிகிறது.

அழத்தான் வேண்டும். ஆனால் அவள் பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அதுவும் அழுக்குப் பக்கம்.

சலவைக்கூடத்துக்கு நடுவில் ஒரு சுவர் உண்டு. வார்டுகளிலிருந்து வருகிற மூட்டைகள் சுவருக்கு இந்தப் பக்கம் பிரிபடும். இயந்திரங்கள் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும், இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. துவைத்தது அந்தப் பக்கமாகத்தான் வெளியே போகும். அங்கே தேய்க்கிறவர்கள், மடிக்கிறவர்கள், தைக்கிறவர்கள். இந்தப் பக்கம் முழங்கைவரை கையுறை போட்டுக்கொண்டு அவள். ஒவ்வொரு விரிப்பையும் உதறி, இது சீழ், இது மருந்து, இது குழம்பு, இது ரத்தம் என்று பார்த்த பார்வையில் பிரிப்பாள். மூட்டைக்குள் என்னென்னவோ வரும். மூக்குக்கண்ணாடி, கரண்டி, ஒரு தடவை மேல் வரிசைப் பல்செட் முழுசாக.

இருபத்தோரு வயதில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். ரத்தத் துணிக்கு முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான் என்று சொல்லியிருந்தார்கள். காதில் வாங்கினாள், மனசில் வாங்கவில்லை. அழுக்கு அதிகம் என்றால் சூடும் அதிகம் வேண்டும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு, அறுவைக்கூடத்து விரிப்புகள் முப்பத்திரண்டையும் தொண்ணூறு டிகிரியில் ஓட்டிவிட்டாள். அந்தப் பக்கம் கதவைத் திறந்தவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள். எல்லா விரிப்பிலும் பழுப்பு நிறத்தில் தீவு தீவாக ரத்தம் வெந்து, நூலோடு நூலாகிவிட்டிருந்தது. மேற்பார்வையாளர் அம்மா கத்தவில்லை. ஒரு விரிப்பை வெட்டி, ஓரம் அடித்து, உடை மாற்றும் அறை ஜன்னலுக்குத் திரையாக மாட்டினார்.

"தினமும் பாரு," என்றார். அவ்வளவுதான்.

அவள் தினமும் பார்த்தாள். மாதம் ஒருமுறை அந்தத் திரையும் துவைபடும். எத்தனையோ சோப்பு மாறியது, இயந்திரம் இரண்டு முறை மாறியது, மேற்பார்வையாளர் அம்மாவே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பழுப்பு மட்டும் இம்மியும் நகரவில்லை.

புத்தகமும் அவளுக்கு மூட்டையிலிருந்துதான் கிடைத்தது. எலும்பு முறிவு வார்டு விரிப்புக்குள் சுருண்டு வந்தது 'பனிவாயில்' முதல் பாகம், ஒரு மூலை மட்டும் நனைந்து. கிடைத்த பொருள் அலமாரியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தார்கள். யாரும் கேட்டு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனாள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவள் தம்பி, "இதெல்லாம் உனக்குப் புரியுமாக்கா?" என்று கேட்டுவிட்டுப் பிடுங்கிக்கொண்டான். மூன்றே நாளில் அவனுக்குப் பித்துப் பிடித்தது. இப்போது அவன் கணக்கு வாத்தியார். பனிவாயிலைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோலப் பேசுவான். குழுவின் பட்டியல் காப்பாளரும் அவன்தான். யார் எந்தக் கணிப்பைச் சொன்னார்கள், எது பலித்தது, எது பொய்த்தது, எல்லாம் அவன் கையில்.

பேருந்தில் 'பொய்' என்று சொன்ன அன்று சாயங்காலம் அவள் குழுவில் எழுதினாள். சுற்றி வளைத்து எழுத அவளுக்கு வராது. அதனால் மூன்று விஷயமாக எழுதினாள். ஒன்று, அது ரத்தம் இல்லை. ரத்தம் வெந்நீரில் போகாது, வெந்து ஒட்டிக்கொள்ளும். பழச்சாறுதான் கொதிநீரில் போகும். இரண்டு, நாலாம் பாகத்தில் ஒற்றைக்கண் மந்திரி, சமையல்கட்டுக்குத் தெரியாமல் மூன்று கூடை செம்பழம் வாங்கினார், அது எந்த விருந்திலும் பரிமாறப்படவில்லை. மூன்று, ஆகவே பையனை மந்திரி ஒளித்து வைத்திருக்கிறார், அவன் சாகவில்லை.

குழு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் கணிப்புக்கு 'வெந்நீர்க் கணிப்பு' என்று பேர் வைத்தார்கள். பிறகு அவளுக்கே வெந்நீர் என்று பேர் வந்தது. ஒருத்தன் எழுதினான்: "ஏங்க, இது ஓநாய் பேசுற கதை. இதுல போய் துவைக்கிற கணக்கெல்லாம் பாக்குறீங்களே?"

அவள் பதில் எழுதினாள்: "ஓநாய் பேசும்னு முதல் பாகத்துலயே சொல்லிட்டாரு, ஒத்துக்கிட்டேன். ரத்தம் வெந்நீர்ல போகும்னு எங்கயும் சொல்லலையே."

ஆனாலும் பேர் பேர்தான். அவளே தன் பேரை 'வெந்நீர்' என்று மாற்றிக்கொண்டாள். சிரிக்கிறவர்கள் கையில் இருந்ததைப் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டமாதிரி.

அந்தக் குழு அவளுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. மருத்துவமனையில் அவள் கையுறை போட்ட இரண்டு கை, அவ்வளவுதான். மாடியில் இருக்கிற டாக்டர்களுக்கு மாடிக்குக் கீழே அப்படி ஒரு ஆள் இருப்பதே தெரியாது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து வந்த வழியே போயிருந்தது. வீட்டில் தம்பி பேசுவான், அவள் கேட்பாள். குழுவில்தான் அவள் ஒரு வாக்கியம் எழுதினால் நூறு பேர் சண்டைக்கு வருவார்கள். சண்டைக்கு வருகிறவர்கள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, யாருமே வராதவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்பது வருஷம் போனது. சாப்பாட்டு வேளையில் அவள் சலவைக்கூடத்துப் பெண்களுக்குக் கதை சொன்னாள். அழுக்குப் பக்கமும் சுத்தப் பக்கமும் ஒன்றாக உட்காருகிற இடம் அந்த உடை மாற்றும் அறை மட்டும்தான். ஆறு பாகமும் சொல்லி முடித்த பிறகு, வராத ஏழாம் பாகத்தைத் தன் கணிப்புப்படியே சொல்ல ஆரம்பித்தாள். மந்திரியின் நிலவறையில் இளவரசன் வளர்ந்தான், மீசை முளைத்தது. மடிப்பு மேசையில் நிற்கிற அக்காவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். "என் புள்ள இன்னைக்கு என்ன பண்றான்?" என்று கேட்டுக்கொண்டேதான் டப்பாவைத் திறப்பாள்.

பிறகு ஏழாம் பாகம் நிஜமாகவே வந்தது.

தம்பி இரண்டு பிரதி வாங்கினான், அவனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. அவன் ஒரே மூச்சில் படித்தான். அவள் வழக்கம்போல, மூட்டை பிரிக்கிறமாதிரி ஒவ்வொரு பக்கமாக உதறிப் படித்தாள். நாலாம் நாள் அவள் நூற்றுப் பத்தாம் பக்கத்தில் இருக்கும்போது, அவன் அவள் எதிரில் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை.

"அக்கா, உன் ஆளு செத்துட்டான்."

"வாயக் கழுவுடா. நான் இன்னும் அங்க வரல."

"வா வா. அறுநூத்திப் பன்னண்டாம் பக்கம். குழியையே தோண்டி எடுத்துட்டாங்க. எலும்பு. விரல்ல ராஜமுத்திரை மோதிரம். மந்திரி பாவம், சும்மா ஜாம் போட வாங்கியிருப்பாரு."

அவள் அந்தப் பக்கத்துக்குத் தாவவில்லை. நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பன்னிரண்டு என்று வரிசையாகவே போனாள். ஆனால் படித்தது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஆறாம் பாகத்துக்கும் முன்னாலேயே தம்பி கொண்டுவந்தது. பேர் தலைவணங்கல். புதுப் பாகம் வந்து பதினைந்து நாளுக்குள், கணிப்பு பொய்த்தவர்கள் ஒரு குறிப்பிட்ட வாசகத்தைத் தங்கள் பேரில் போட வேண்டும்: 'நான் நூலைவிடப் பெரிய ஆள் இல்லை. என் கணிப்பு பொய்த்தது. தலைவணங்குகிறேன்.' அடுத்த பாகம் வரும்வரை பேருக்குப் பக்கத்தில் ஒரு காக்காய் படம் உட்கார்ந்திருக்கும். போடாதவர்கள் வெளியே. இந்த முறை நானூறு பேருக்குமேல் வணங்கிவிட்டார்கள். குழு முழுக்கக் காக்காய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோடு கெடு முடிகிறது. பட்டியலில் மிச்சம் இருந்தது ஒரே பேர். வெந்நீர்.

"ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சுபோயிடும்?" என்றான் தம்பி, வெள்ளிக்கிழமை காலை, சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே. "நானூறு பேர் போடல? அதுல ரெண்டு பேர் பேராசிரியருங்க."

"அவங்க தோத்தாங்க, போட்டாங்க."

"நீ தோக்கலையா?"

"ரத்தம் வெந்நீர்ல போகாது."

"ஐயோ அக்கா! அவன் எலும்பே கிடைச்சாச்சு!"

"எலும்பு கிடைச்சா ரத்தம் வெந்நீர்ல போயிடுமா?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "உன் பேருக்கு விதிவிலக்கு குடுத்தா, 'அக்காங்கிறதால விட்டுட்டான்'னு ஊர் சிரிக்கும். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு நீ போடலைன்னா நானே எடுத்துடுவேன், சொல்லிட்டேன்."

"எடுறா. நான் தடுத்தேனா?"

வாய் அப்படிச் சொன்னது. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு புத்தகத்தை வெளியே எடுக்கவே இல்லை. முந்தின நாள்தான் அவள் அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எட்டியிருந்தாள். தம்பி சொன்னது அப்படியே இருந்தது. குழி, எலும்பு, மோதிரம், எல்லாமே. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் அவள் உதறிப் படிக்கவில்லை. கண்ணை ஓட்டிவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் திணித்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில், சொல்லித்தான் ஆகவேண்டும் என்று, இளவரசன் எலும்பு கிடைத்ததைச் சொன்னாள். மடிப்பு அக்கா டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

"அப்ப இத்தனை வருஷமா எங்களுக்கு என்னத்தடி சொன்ன? மீசை முளைச்சதுன்னியே?"

"அது என் கணிப்புக்கா. முதல்லயே சொன்னேனே."

"கணிப்பாம்! நான் அவனுக்குப் பொண்ணு பார்க்கிற அளவுக்கு வந்துட்டேன்." அக்காவின் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கோபத்தைக் கூட்டினாள். "இனிமே கதையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், போ."

குழுவில் பன்னிரண்டாயிரம் பேர் சிரித்தபோது உறைக்காதது இப்போது உறைத்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிழிசல் தைக்கிற அம்மா மட்டும் நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். அதிகம் பேசாதவள். எந்தக் கதையைக் கேட்டாலும் அவளுக்கு ஒரே சந்தேகம்தான் வரும்.

"குழில இருந்தவன் என்ன போட்டிருந்தான்?" என்றாள்.

"என்னம்மா?"

"துணிடி. அம்மணமாவா புதைச்சாங்க? என்ன துணி, யார் போட்டுவிட்டது? எழுதியிருப்பாருல்ல."

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. இந்த முறை உதறிப் படித்தாள், சத்தமாக. குழியைக் காட்டுகிற கிழவன் பேசுகிற இடம் அது. அவன் சொல்கிறான்: "யார் பெற்ற பிள்ளையோ என்று சட்டையைக் கழற்றிக் கொதிநீரில் மூன்று முறை அலசினேன். நெஞ்சுப் பக்கத்துப் பழுப்பு போகவே இல்லை. அப்படியே உடுத்திப் புதைத்தேன்."

அவள் நிறுத்தினாள். மூன்று பேருடைய பார்வையும் தானாக ஜன்னலுக்குப் போனது. திரை காற்றில் லேசாக ஆடியது, தீவு தீவாகப் பழுப்போடு.

"அப்ப அந்தாளுக்குத் தெரியும்," என்றாள் தையல் அம்மா. "ரத்தம் வெந்நீர்ல போகாதுன்னு எழுதினவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சேதான்..." மடிப்பு அக்கா எழுந்தே விட்டாள். "தெரிஞ்சேதான் அந்த மேலங்கிய வெளுக்க விட்டாரா? அப்ப சட்டை நனைஞ்சவன் ஒருத்தன், அங்கி நனைஞ்சவன் ஒருத்தனா?"

"ஒரே ஆளோட ரத்தம் உள் சட்டைல ஒட்டிக்கிட்டு மேல் அங்கில மட்டும் போயிடுமாக்கா? நாம பாக்காத துணியா?"

"அப்ப குழில இருக்கிறது யாருடி?"

அவள் சிரித்தாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. "எட்டாம் பாகம் வரட்டும்."

"அது வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். நீ இப்பவே சொல்லு," என்று மடிப்பு அக்கா டப்பாவைத் திறந்தாள். "என் புள்ளைக்குச் சாப்பாடு போட்டாங்களா அங்க?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் குழுவில் எழுதினாள். திரையின் படம் ஒன்று. ஆறாம் பாகத்தில் ராணி துவைக்கிற வரி ஒன்று. ஏழாம் பாகத்தில் கிழவன் துவைக்கிற வரி ஒன்று. கடைசியில்: "என் மூன்றாவது வரி பொய்த்ததா என்று எட்டாம் பாகம் சொல்லட்டும். முதல் வரி பொய்க்கவில்லை. அதை ஏழாம் பாகமே சொல்லிவிட்டது. தோற்காத இடத்தில் தலைவணங்கும் பழக்கம் எனக்கு இல்லை. குழியில் இருப்பவன் யார்?"

தம்பி பக்கத்து அறையில்தான் இருந்தான். ஐந்து நாற்பதுக்கு வந்தான், போன் கையோடு.

"அக்கா, பின்னிட்ட. ஒத்துக்கிறேன். ஆனா விதி விதிதான். மோதிரம் இருக்கு, எலும்பு இருக்கு, பட்டியல்ல பொய்த்ததுன்னுதான் வரும். அந்த ஒரு வரிய மட்டும் போட்டுடு. அப்புறம் இதையே புதுக் கணிப்பா பதிஞ்சுக்கோ. நானே மேல தூக்கி வைக்கிறேன்."

"மோதிரம் கழட்டி மாட்டுறது. கறை அப்படி இல்லை."

"வாதம் பண்ணாத. ஒரு வரி. ஒரு காக்கா. அவ்வளவுதானே?"

"பொய்த்ததுன்னு நான் எழுதினா அது பொய். இத்தனை வருஷமா சிரிச்சாங்க, சிரிக்கட்டும்னு இருந்தேன். சிரிக்கிறது வேற. என்னைப் பாத்து நானே சிரிக்கணும்னு சொல்றது வேற."

"அந்தக் குழு இல்லாம நீ என்னக்கா பண்ணுவ?" என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவளுக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. "மணி என்னாச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

ஆறு அடித்தது. அவன் ஒரு நிமிஷம் பொறுத்தான். ஆறு ஒன்றுக்கு, அக்கா முகத்தைப் பார்க்காமல், கட்டைவிரலால் அழுத்தினான். அவள் கையில் இருந்த போனில் குழு மறைந்தது. பன்னிரண்டாயிரம் பேர் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திரை.

"எடுத்துட்டேன்," என்றான், குரல் உள்ளே போய்.

"பார்த்தேன்."

அவள் எழுந்துபோய் டீ போட்டாள். இரண்டு டம்ளர். அவனுக்குக் கொடுத்தாள், குடித்தான். அவன் போன் மேசைமேல் துள்ளிக்கொண்டே இருந்தது. வெந்நீர் எங்கே என்று கேட்கிறார்கள் போல. ஏன் எடுத்தாய் என்று சண்டைக்கு வருகிறார்கள் போல. அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். டம்ளரை வைத்தான். மறுபடி எடுத்தான், அது காலி.

"நாலாம் பாகம் எங்க வச்சிருக்க?" என்றான் கடைசியில்.

"எதுக்கு?"

"அந்த மூணு கூடை... மந்திரி அதை வாங்கினது வேட்டைக்கு எத்தனை நாள் முன்னாடின்னு பாக்கணும். பழம் அழுகிடுமில்ல?"

"குழுவுல கேளேன். பன்னண்டாயிரம் பேர் இருக்காங்களே."

"அக்கா..."

அவள் அலமாரியைக் கைகாட்டினாள். அவன் அவசரமாக எழுந்து புத்தகத்தை எட்டிப் பிடிக்கப் போனான்.

"டேய்," என்றாள். "முதல்ல கையக் கழுவிட்டு வா. பச்சைத் தண்ணில."